சான்றிதழ் மட்டும் போதுமா?

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தாலும், கல்லூரியின் கடைசித் தேர்வு முடிந்தாலும் நம் தீவுத் தமிழ்க் குடும்பங்களில் எழும் பேச்சு ஒன்றுதான்: "ஏதாவது ஒரு டிபார்ட்மெண்டில் பிள்ளையைச் சேர்த்துவிட வேண்டும்." இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பொதுப்பணித் துறையிலும் துறைமுகத்திலும் வனத்துறையிலும் வேலை பார்க்க வந்தவர்கள், கடை வைக்க வந்தவர்கள், 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள் என்று பல வழிகளில் நம் முன்னோர் இங்கு வந்து சேர்ந்தார்கள். கடல் கடந்து வந்தவர்களுக்கு மாதச் சம்பளமும் குவார்ட்டர்ஸும் ஓய்வூதியமும்தான் பெரிய பாதுகாப்பாக இருந்தன.

ஆனால் இன்று தீவில் பட்டம் பெறும் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அரசு நாற்காலி கிடைக்காது என்பதை நாம் அனைவரும் அறிவோம். 1967-இல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயாவில் வணிகவியல் படித்த பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு. அவர்கள் கண்ணில் படாத ஒரு துறையைப் பற்றியும், அதன் தேர்வுகளுக்கு எப்படித் தயாராவது என்பது பற்றியும் வாசக அன்பர்களோடு சில கருத்துகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அது பங்கு ஆய்வுத் துறை.

ஆய்வாளர் என்றதும் நமக்குக் காவல் நிலையம்தான் நினைவுக்கு வரும். பங்கு ஆய்வாளரும் ஒருவகையில் துப்பறிகிறவர்தான். ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படித்து, அதன் தொழிலை விசாரித்து, அடுத்த சில ஆண்டுகளில் அது எவ்வளவு சம்பாதிக்கும் என்று கணக்கிட்டு, இன்றைய விலைக்கு அதன் பங்கை வாங்கலாமா வேண்டாமா என்று காரணத்தோடு எழுதிக் கொடுப்பது அவர் வேலை. பங்குத் தரகு நிறுவனங்களும் பரஸ்பர நிதிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இவர்களை வேலைக்கு வைத்துக்கொள்கின்றன.

இந்த வேலைக்கு பம்பாய்தான் போக வேண்டும் என்பதில்லை. 1920-இல் தோன்றிய சென்னைப் பங்குச் சந்தை 2015-இல் மூடப்பட்டாலும், பங்கு ஆய்வு சென்னையை விட்டுப் போகவில்லை. வெளிநாட்டு முதலீட்டு வங்கிகளுக்காகச் சென்னையில் இருந்தபடியே ஆய்வு செய்து கொடுத்த இரெவ்னா என்ற நிறுவனத்தை 2005-இல் கிரிசில் நிறுவனம் வாங்கியது. அதன் பிறகு இந்தத் தொழில் சென்னையில் நன்றாகவே வேரூன்றிவிட்டது.

"பங்குச் சந்தையா? அது சூதாட்டம் அல்லவா?" என்று நம் தாய்மார்கள் கேட்பார்கள். ஹர்ஷத் மேத்தா ஊழல் வெடித்த 1992-ஐ நினைவில் வைத்திருப்பவர்கள் அப்படிக் கேட்பது நியாயமே. ஆனால் பங்கை வாங்கி விற்பது வேறு, அதை ஆராய்ந்து எழுதுவது வேறு. செபி அமைப்பு 2014-இல் பங்கு ஆய்வாளர்களுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. ஒரு பங்கைப் பற்றி அறிக்கை எழுதுபவர், அது வெளியாவதற்கு 30 நாள் முன்பும் வெளியான பின் 5 நாள் வரையிலும் அந்தப் பங்கைத் தமக்காக வாங்கவோ விற்கவோ கூடாது என்று அவ்விதிகள் தடுத்தன. தேசியப் பங்குச் சந்தைக் கல்வி நிறுவனம் நடத்தும் பதினைந்தாம் வரிசைத் தேர்வில் தேறுவதும் கட்டாயமாயிற்று. 100 மதிப்பெண், 2 மணி நேரம், தேற 60 விழுக்காடு, தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். மனம் வைத்துப் படிக்கும் வணிகவியல் பட்டதாரிக்கு எட்டக்கூடிய தேர்வுதான் அது.

இங்கேதான் நம் பிள்ளைகள் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். சான்றிதழ் கிடைத்ததும் வேலையும் கிடைத்துவிடும் என்று எண்ணுகிறார்கள். ஒரு சான்றிதழ் போதாதென்றால் இன்னொன்று, அதுவும் போதாதென்றால் மற்றொன்று என்று பணம் கட்டிச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். அரசு வேலைக்குத் தேர்வு எழுதிப் பழகிய நமக்கு இது இயல்பாகவே வரும் எண்ணம். ஆனால் பங்கு ஆய்வு வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் "உனக்கு என்ன தெரியும்?" என்பதோடு நிறுத்துவதில்லை. "நீ என்ன செய்து பார்த்திருக்கிறாய்?" என்றும் கேட்கிறார்கள். சான்றிதழ் வாசல் வரை கொண்டு சேர்க்கும். உள்ளே அழைத்துச் செல்வது, பிள்ளை தானே ஒரு நிறுவனத்தைப் படித்து எழுதிய பத்துப் பக்கம் என்பது என் உறுதியான கருத்து.

தேர்வு நடக்கும் முறையைப் பார்த்தால் இது விளங்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும் பொதுவாக நான்கு படிகள் உண்டு. முதலில் கணக்கியலிலும் பொதுக் கணிதத்திலும் எழுத்துத் தேர்வு. அடுத்து கணினியில் எக்செல் தேர்வு: ஓர் ஆண்டறிக்கையைக் கையில் கொடுத்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் வரப்போகும் ஆண்டுகளின் வருமானத்தையும் லாபத்தையும் கணித்துக் காட்டச் சொல்வார்கள். மூன்றாவது எழுதும் தேர்வு: ஒரு நிறுவனத்தின் காலாண்டு முடிவைப் படித்து ஒரு பக்கக் குறிப்பு எழுத வேண்டும். கடைசியில் நேர்முகத் தேர்வு. அதில் "ஒரு பங்கைச் சொல், ஏன் வாங்க வேண்டும் என்று சொல்" என்ற கேள்வி அநேகமாக வந்தே தீரும்.

மாதிரிக்குச் சில கேள்விகளைப் பார்ப்போம். 1946-இல் திருவொற்றியூரில் பலூன் தயாரிப்பில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் பங்கு 2023 ஜூன் மாதம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. "அப்படியானால் அது விலை அதிகமான பங்கா?" என்று கேட்பார்கள். அவசரப்பட்டு ஆமாம் என்று சொன்னவர் வெளியே போக வேண்டியதுதான். எம்.ஆர்.எஃப். வெளியிட்டுள்ள பங்குகள் மொத்தமே சுமார் 42.4 லட்சம். ஒரு லட்சத்தால் பெருக்கினால் நிறுவனத்தின் மதிப்பு சுமார் 42,400 கோடி ரூபாய். 100 ரூபாய்ப் பங்கு 1,000 கோடி எண்ணிக்கையில் உள்ள நிறுவனத்தின் மதிப்போ 1 லட்சம் கோடி. ஆகவே பங்கின் விலையைத் தனியே பார்த்துப் பயனில்லை, அந்தப் பங்குக்குரிய லாபத்தோடு ஒப்பிட வேண்டும் என்பதே சரியான விடை.

இன்னொரு பழைய கேள்வி தேய்மானம் பற்றியது. படகு ஓட்டும் ஒரு நிறுவனம் இந்த ஆண்டு தேய்மானத்தை 10 ரூபாய் கூட்டிக் காட்டுகிறது, வரி 25 விழுக்காடு, மூன்று கணக்குகளும் எப்படி மாறும்? லாப நட்டக் கணக்கில் வரிக்கு முந்தைய லாபம் 10 குறையும். வரியில் 2.50 மிச்சமாவதால் நிகர லாபம் 7.50 மட்டுமே குறையும். தேய்மானத்துக்காக யாரும் கையிலிருந்து பணம் கொடுப்பதில்லை. ஆதலால் ரொக்கம் 2.50 கூடும். ஐந்தொகையில் படகின் மதிப்பு 10 குறைந்து, ரொக்கம் 2.50 கூடி, ஒரு பக்கம் 7.50 குறைகிறது. மறுபக்கம் சேர்த்து வைத்த லாபமும் அதே 7.50 குறைகிறது. இதை மனப்பாடம் செய்தவர், எண்ணை மாற்றிக் கேட்டால் திணறுவார். நாலு ஆண்டறிக்கையைப் புரட்டிப் பார்த்தவருக்கு எந்த எண்ணைக் கொடுத்தாலும் ஒன்றுதான்.

நேர்மையையும் சோதிப்பார்கள். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டியிருந்த ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று கடிதம் எழுதினார். தணிக்கையாளர் கையெழுத்திட்ட கணக்குதான் அது. "நீ ஆய்வாளராக இருந்திருந்தால் எதைக் கேட்டிருப்பாய்?" என்பது நல்ல நேர்முகக் கேள்வி. இவ்வளவு ரொக்கம் இருந்தால் அதற்கேற்ற வட்டி வந்ததா, கையில் பணம் இருக்கக் கடன் எதற்கு என்று தொடர்ந்து கேட்கத் தெரிந்த பிள்ளை இந்த வேலைக்கு ஏற்ற பிள்ளை.

சரி, தயாராவது எப்படி? ஒரே ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். அதன் ஐந்து ஆண்டு ஆண்டறிக்கைகளைப் படிக்கட்டும். அவை பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. காலாண்டு தோறும் நிர்வாகிகள் ஆய்வாளர்களோடு நடத்தும் கேள்வி பதிலும் எழுத்து வடிவில் கிடைக்கிறது. அதைப் படித்தால் அனுபவசாலிகள் எப்படிக் கேள்வி கேட்கிறார்கள் என்பது தானே விளங்கும். பிறகு எண்களைத் தன் கையால் எக்செல்லில் ஏற்றி, அடுத்த மூன்று ஆண்டுகளைக் கணித்து, தன் முடிவைப் பத்துப் பக்கத்தில் எழுதட்டும். தன் முடிவு எந்தச் சூழ்நிலையில் தவறாகும் என்பதையும் ஒரு பக்கம் எழுத வேண்டும். அடுத்த காலாண்டு முடிவு வந்ததும் தன் கணிப்போடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ஆறு மாதம் இப்படிச் செய்தவரை நேர்முகத் தேர்வில் எந்தப் பக்கம் திருப்பிக் கேட்டாலும் சொந்த வார்த்தையில் பதில் வரும்.

தீவில் இருப்பது இதற்குத் தடை என்று நான் ஒப்பமாட்டேன். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் இயங்கத் தொடங்கிய பின், ஆண்டறிக்கையைக்கூட இறக்கிப் படிக்க முடியாது என்ற பழைய குறை பெரிதும் நீங்கிவிட்டது. மாறாக, பெருநகரத்துப் பிள்ளைக்கு இல்லாத சில வசதிகள் நம் பிள்ளைக்கு உண்டு. சிமெண்ட் மூட்டை முதல் வெங்காயம் வரை கப்பலில் வந்து இறங்கும் ஊரில் வளர்ந்தவருக்குச் சரக்குக் கட்டணம் விலையை என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். சிமெண்ட் நிறுவனங்களை ஆராய்பவர் முதலில் பார்ப்பவற்றுள் இதுவும் ஒன்று. கச்சாலில் ரப்பர் பால் எடுத்த குடும்பத்துப் பிள்ளைக்கு ரப்பர் விலைக்கும் டயர் நிறுவன லாபத்துக்கும் உள்ள உறவு சட்டென்று பிடிபடும்.

சுற்றுலாவும் நம் கண்ணெதிரே நடக்கிறது. 2023 ஜூலையில் நம் விமான நிலையத்துக்குப் புதிய முனையம் வந்தது. ஹேவ்லாக் என்று நாம் அழைத்துவந்த ஸ்வராஜ் தீவின் ராதாநகர் கடற்கரையில் டாடா குழுமத்தின் இந்தியன் ஹோட்டல்ஸ் நிறுவனத்தின் விடுதி இருக்கிறது. அந்த நிறுவனம் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. 100 அறை உள்ள விடுதியில் 70 அறை நிரம்பி, அறைக்கு 10,000 ரூபாய் வாடகை கிடைத்தால், இருக்கும் ஓர் அறைக்கு நாளொன்றுக்கு 7,000 ரூபாய் வருமானம். ஹோட்டல் பங்குகளை ஆராய்பவர்கள் கையாளும் முதல் அளவுகோல் இதுவே. சீசன் எப்போது, மழையில் படகு நின்றால் என்ன ஆகும் என்பதெல்லாம் நம் பிள்ளைக்குப் பாடப்புத்தகம் பார்க்காமலே தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக மொழி. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம் என்று வளர்ந்தவர்கள் நம் பிள்ளைகள். ஆண்டறிக்கையைச் சுருக்கிக் கொடுக்கும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு இன்று நொடியில் செய்துவிடுகிறது. ஆனால் மதுரையில் ஒரு டயர் விற்பனையாளரையும் கான்பூரில் இன்னொருவரையும் தொலைபேசியில் அழைத்து, இந்த மாதம் சரக்கு நகர்கிறதா என்று அவரவர் மொழியில் பேச்சுக் கொடுத்து அறிந்துவர மனிதர்தான் வேண்டும். இப்படி விசாரிப்பது ஆய்வாளரின் அன்றாட வேலைகளுள் ஒன்று. மும்மொழி பேசுவதை நம் பிள்ளைகள் விண்ணப்பத்தின் கடைசி வரியில் ஒளித்து வைக்கக் கூடாது.

நேர்முகத் தேர்வில் நடந்துகொள்வது பற்றி இரண்டொரு சொல். செய்யாததைச் செய்ததாக விண்ணப்பத்தில் எழுத வேண்டாம். இரண்டாவது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும். விடை தெரியாதபோது "தெரியாது, ஆனால் இந்த வழியில் கண்டுபிடிப்பேன்" என்று சொல்வது இழுக்கல்ல. பெரியவர்கள் எதிரே பேசாதே என்று சொல்லி வளர்த்தவர்கள் நாம். அங்கோ, தேர்வு செய்பவர் வேண்டுமென்றே மறுத்துப் பேசுவார். மரியாதை குறையாமல், எண்களை எடுத்துக் காட்டித் தன் கருத்தில் நிற்கப் பிள்ளைகள் பழக வேண்டும். அதை வீட்டிலேயே பழக்கலாம். இரவு உணவின்போது "ஏன் இந்த நிறுவனம்?" என்று தந்தையார் நாலு குறுக்குக் கேள்வி கேட்டாலே போதும்.

உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இது இடங்கள் குறைவான துறை. காலாண்டு முடிவுகள் வரும் நாட்களில் இரவு பகல் பார்க்க முடியாது. முயன்ற எல்லோருக்கும் இடம் கிடைக்கும் என்று நான் வாக்குறுதி தரவில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தின் கணக்கைப் படிக்கத் தெரிந்தவருக்கு வங்கிக் கடன் பிரிவு, தணிக்கை அலுவலகம், தர மதிப்பீட்டு நிறுவனம் என்று வேறு வாசல்களும் உண்டு. அதிக வட்டி ஆசை காட்டி நம் சேமிப்பைக் கேட்பவர்களிடம் "கணக்கைக் காட்டு" என்று சொல்லும் பிள்ளை வீட்டில் இருப்பதும் ஒரு காவல்தான்.

பெற்றோரிடம் என் வேண்டுகோள் இதுதான். நான்காவது சான்றிதழுக்குக் கட்டப்போகும் பணத்தை நிறுத்தி, ஒரு நல்ல கணினியும் ஆறு மாத அவகாசமும் கொடுங்கள். "சும்மா உட்கார்ந்திருக்கிறான்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லாதீர்கள். மகள் படிக்கும் நேரத்தில் அடுக்களைக்கு அழைக்காதீர்கள். நம் சங்கமும் தன் பங்குக்கு மாதம் ஒரு ஞாயிறு மாலை அரங்கைத் திறந்து வைக்கலாம். பிள்ளைகள் தாம் படித்த நிறுவனத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசட்டும். தாயகத்தில் வங்கியிலும் தணிக்கையிலும் பணிபுரியும் நம்மவர்கள் காணொளி வழியாகக் குறுக்குக் கேள்வி கேட்கட்டும். பொங்கல் விழாவுக்கு மேடை போடத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியமல்ல. அடுத்த செயற்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.