ஒருவர் காலை ஒருவர்

பெரிய வியாழன் இரவுப் பூசையில் பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்கிறார்கள். வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்த கால்கள். சாமியார் மண்டியிட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார், துடைக்கிறார், முத்தமிடுகிறார். தாழ்மையைப் பற்றிப் பிரசங்கம் வேறு. எல்லாம் முடிந்தபிறகு தரையில் சிந்திய தண்ணீரைத் துடைக்க வருகிறவர் யார்? அவர் காலைக் கழுவ யாருக்காவது தோன்றியதா?

தாழ்மையாம் தாழ்மை! யாருக்குச் சொல்றீங்க? ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வைக்கப்பட்டவனுக்கா? சூத்திரன் காலில் பிறந்தான் என்கிறது புருஷசூக்தம். அந்தக் காலில்கூட இடமில்லாதவர்கள் நாம். இதுக்கு மேல எங்கே குனியறது?

யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கடைசி இரவில் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்த கதை மற்ற மூன்று நற்செய்திகளிலும் உண்டு. யோவான் அதைச் சொல்லவில்லை, கால் கழுவியதைத்தான் சொல்கிறார். அன்றைக்கு அது அடிமையின் வேலை. அதைச் செய்ய எழுந்தவர் பந்தியிலேயே பெரியவர். பேதுரு பதறித் தடுக்கிறான். பார்க்கப் பணிவு மாதிரித்தான் தெரியும். ஆனால் குருவே கீழே இறங்கிவிட்டால் அடுத்த படியில் நிற்கிற தன் இடம் என்னாவது? படிநிலை ஆட்டம் கண்டால் முதலில் அலறுகிறவன் நடுப்படிக்காரன். அந்த அலறல் நமக்குப் பழகின சத்தம்தானே தோழர்களே!

கழுவி முடித்ததும் இயேசு இட்ட கட்டளை, ஒருவர் காலை ஒருவர் கழுவச் சொல்கிறது. வெடிமருந்து இந்த 'ஒருவரை ஒருவர்' என்பதில்தான் இருக்கிறது. கழுவுவதற்கென்று ஒரு பிறப்பு, கழுவப்படுவதற்கென்று ஒரு பிறப்பு கிடையாது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே மேல்கீழாகப் பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் காட்டினார். அந்தப் பிரிவினைக்கு நேர் எதிரான கட்டளை இது.

திருச்சபை என்ன செய்தது? அப்பத்தைத் தினப்பூசை ஆக்கியது. கால் கழுவுவதை வருசத்துக்கு ஒரு நாள் சடங்காக ஒதுக்கியது. அதிலும் ஆண்களின் கால்கள் மட்டும். 2013இல் போப் பிரான்சிஸ் ரோமில் இளையோர் சிறைக்குப் போய்ப் பெண் கைதிகளின் கால்களையும் கழுவினார். விதி மாறியதோ 2016இல்தான். பேரேட்டில் ஒரு பக்கம் ஒரு நாள், எதிர்ப்பக்கம் 364 நாள். எந்த வங்கியிலும் இந்தக் கணக்கு நேராகாது.

அந்த 364 நாளின் லட்சணம் இது: வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலுக்குள்ளேயே சாதிக்குச் சுவர் வைத்தார்கள். இடிக்க 1910 ஆனது. திருச்சியில் கல்லறைக்குள் செத்தவர்களையும் சுவர் பிரித்தது. சபைக்குள் தீண்டாமை உண்டு என்று 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவையே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கிட்டா போதுமா?

பெரிய வியாழனின் ஆன்மீகம் ஊர்க்காரனுக்குச் சேரிக்கு வந்து குனிவதில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கழுவிய நமக்கோ, கூச்சப்படாமல் காலை நீட்டி உட்கார்வதில் இருக்கிறது. வருகிற பெரிய வியாழனுக்கு முன்பே உங்கள் பங்கில் எழுந்து கேளுங்கள். தேர் நம்ம தெருவுக்கு வருமா? கல்லறை ஒண்ணா, ரெண்டா? பதில் வருகிறவரை சாமியாரைச் சொம்பைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். முதலில் சுவர், அப்புறம் கால்.