மன்னார்க் கரையோரக் கடன் நிதிகளும் மறைந்திருக்கும் நட்டமும்

மன்னார்த் தீவிலும் அதனை அண்டிய கரையோரத்திலும், பேசாலை தொடக்கம் சிலாவத்துறை வரையுள்ள கிராமங்களில், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் சிக்கன கடனுதவு சங்கங்களும் மாதர் சங்கங்களும் தத்தம் அங்கத்தவர்களுக்குச் சிறுகடன் வழங்கி வருகின்றமை யாவரும் அறிந்ததே. சம்மாட்டியிடம் முற்பணம் பெற்று, பிடித்த மீனை அவர் சொல்லும் விலைக்கே கொடுத்துவிட்டு வரும் நிலையிலிருந்து பலரை ஓரளவேனும் விடுவித்தவை இத்தகைய நிதிகளே. ஆயினும் இவற்றின் கணக்கு எவ்வாறு எழுதப்படுகின்றது என்ற விடயத்தில் நமது சமூகங்கள் போதிய அக்கறை காட்டியதாகத் தெரியவில்லை.

2022 ஓகஸ்ட் மாதத்தில் லீற்றர் ஒன்று 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவாக உயர்த்தப்பட்டதை இக்கரையோர மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிறு படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் அந்த எண்ணெயிலேயே ஓடுகின்றன. கடலுக்குச் செல்வதே நட்டம் என்றான பின்னர், இயந்திரத்துக்காகப் பெற்ற கடனின் தவணையை எங்கிருந்து கட்டுவது? அதற்கு முன்னரும் பின்னரும் இந்திய இழுவைப் படகுகளால் அறுபட்ட வலைகள், 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் என அடி மேல் அடி விழுந்தது. இவ்வளவும் நடந்த பின்னரும் ஒரு சங்கத்தின் ஐந்தொகையில் "அங்கத்தவர் கடன்" என்ற வரியில் கொடுத்த தொகை கொடுத்தபடியே நிற்குமானால், அந்த ஐந்தொகை எதைக் காட்டுகின்றது என்று கேட்காமல் இருக்க முடியாது.

உதாரணமாக ஒரு சங்கத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். வழங்கிய கடன் 40 இலட்சம் ரூபா. அதற்கு எதிரே அங்கத்தவர் சேமிப்பு 30 இலட்சம், பங்குப் பணம் 5 இலட்சம், ஒதுக்க நிதி 5 இலட்சம். கணக்கு சமப்படுகின்றது, பொதுக்கூட்டமும் கைதட்டி ஏற்றுக்கொள்கின்றது. ஆனால் அந்த 40 இலட்சத்தில் 12 இலட்சம் பல மாதங்களாகத் தவணை தவறியது என்றும், அதில் பாதி திரும்பாது என்றும் கொள்வோம். நட்டம் 6 இலட்சம். ஒதுக்க நிதி முழுவதும் கரைந்து, பங்குப் பணத்திலும் ஒரு இலட்சம் போய்விட்டது. அதை அறியாத நிர்வாகம், இன்னும் கைக்கு வராத அட்டுறு வட்டியை வருமானமாகக் காட்டி அவ்வாண்டும் பங்கிலாபம் பகிர்ந்தால், அது உண்மையில் பகிர்வது அயல்வீட்டுப் பெண்ணின் சேமிப்பையே ஆகும்.

இதைவிட நுட்பமான மறைப்பு ஒன்றும் உண்டு. பழைய கடன் நிலுவையில் இருக்கும்போதே அதே நபருக்குப் புதுக்கடன் கொடுத்து, அதிலிருந்து பழையதைக் கழிப்பதே அது. ஏட்டில் பழைய கடன் முற்றாகத் தீர்ந்துவிடும், புதிய கடனோ ஒரு தவணையும் தவறாததாகத் தோன்றும். இதை எப்போதும் மோசடி என்று நாம் கூறவில்லை. பெரும்பாலும் இரக்கத்தினாலேயே இது செய்யப்படுகின்றது. ஆனால் இரக்கத்துக்கும் ஏட்டில் தனியான ஒரு நிரல் வேண்டும்.

உலகளாவிய வங்கித்துறையும் இதே தவறைச் செய்து பாடம் படித்ததுதான். நட்டம் நிகழ்ந்ததற்குச் சான்று கிடைத்த பின்னரே அதைப் பதியலாம் என்ற பழைய விதி 2008 நிதி நெருக்கடியின்போது கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. அதற்குப் பதிலாக வந்த ஒன்பதாம் இலக்க நிதி அறிக்கையிடல் தரம் 2018 ஜனவரி முதல் இலங்கையிலும் நடைமுறைக்கு வந்தது. கடன் கொடுக்கும் நாளிலேயே எதிர்பார்க்கப்படும் நட்டத்தில் ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும் என்பதும், ஆபத்து கணிசமாகக் கூடினால் கடனின் ஆயுட்காலம் முழுவதற்குமான நட்டத்தை ஒதுக்க வேண்டும் என்பதும் அதன் சாரம். தவணை 30 நாள் தாண்டினால் ஆபத்து கூடியதாகவும், 90 நாள் தாண்டினால் கடன் தவறியதாகவும் அத்தரம் பொதுவில் அனுமானிக்கின்றது. கிராமச் சங்கப் பொருளாளர் ஒருவரிடம் அத்தரம் முழுவதையும் எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆனால் கடன்களை 30 நாள், 90 நாள், அதற்கு மேல் எனப் பிரித்தெழுத ஒரு கொப்பியும் ஒரு பேனாவும் போதும்.

எனினும் மன்னாருக்கு நாட்கணக்கு மட்டும் போதாது. இங்கு கடன் பெற்றவரும் அவருக்குப் பிணை நின்ற இருவரும் ஒரே கரையில், ஒரே காற்றை நம்பித் தொழில் செய்பவர்கள். சோளகம் கடுத்தால் மூவர் வீட்டிலும் அடுப்பு எரியாது. ஆகவே தவணை தவறும் வரை காத்திராமல், எந்தக் கரைக்கு, எந்தத் தொழிலுக்கு எவ்வளவு பணம் போயிருக்கின்றது என்பதைப் பார்ப்பதே உண்மையான ஆபத்துக் கணிப்பாகும்.

பங்குப் பணம் பற்றியும் ஒரு சொல். அங்கத்தவர் கேட்ட மாத்திரத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டிய பங்கு, பெயரளவில் மூலதனமாயினும் கணக்கியலில் அது பொறுப்பே என்பதைக் கூட்டுறவு நிறுவனங்களுக்கென 2004இல் வெளியான சர்வதேச விளக்கம் தெளிவுபடுத்தியது. திருப்பிக் கொடுப்பதை மறுக்கும் நிபந்தனையற்ற உரிமை சங்கத்துக்கு இருந்தால் அது மூலதனமாகும். தமது யாப்பு இது குறித்து என்ன கூறுகின்றது என்பதை நிர்வாகிகள் ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நல்லது.

வட்டி தவிர்க்கும் முஸ்லிம் சகோதரர்களின் கர்ழ் ஹஸன் நிதிகளுக்கு இப்பிரச்சினை இல்லை என்று கருதுவோரும் உளர். உண்மையில் அங்கு இது இன்னும் கூர்மையானது. வட்டி இல்லாததால் நட்டத்தைத் தாங்கும் வருமானமும் இல்லை. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. அதற்கு முன் கொடுத்த கடன் ஒரு சதமும் குறையாமல் திரும்பியிருந்தாலும் அதே வலையை அப்பணத்தால் வாங்க முடிந்திராது. எனவே இந்நிதிகள் நன்கொடையாக வரும் தொகையில் ஒரு பங்கை நட்ட ஒதுக்கமாகத் தனியே வைத்தல் அவசியம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு திருக்குர்ஆன் விரிவாகப் பணிக்கும் வசனமே அதன் மிக நீண்ட வசனம் என்பதை இங்கு நினைவூட்டத் தேவையில்லை.

2018இல் அரசாங்கம், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்கள் நிதி நிறுவனங்களிடம் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையிலான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. அது அன்று தேவையானதே. ஆனால் அங்கத்தவர் நிதியில் அவ்வாறு தள்ளுபடி செய்ய வேறொருவர் பணம் கிடையாது. நட்டத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைத்த சங்கம் மட்டுமே, படகை இழந்தவருக்கு அவகாசம் கொடுக்கவும், அதேவேளை சேமிப்பை மீளக் கேட்டு வருபவரை வெறுங்கையோடு அனுப்பாமலிருக்கவும் முடியும்.

ஏடுகளின் பாதுகாப்பும் இதில் அடங்கும். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டியிலிருந்தும் முசலியிலிருந்தும் புத்தளம் நோக்கிச் சென்றவர்களும், பின்னர் போரினால் இடம்பெயர்ந்த தமிழ் மக்களும், கையில் எடுத்துச் செல்ல முடிந்தது மிகச் சொற்பமே. ஒரேயொரு பேரேடு, அதுவும் பொருளாளர் வீட்டு அலுமாரியில் என்ற நிலை இனியும் தொடரலாகாது. கூட்டுறவுத்துறை மாகாண சபைகளுக்குரிய விடயமாகையால், வடமாகாண கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களம் தனது கணக்காய்வாளர்களிடம் இரண்டைக் கேட்கலாம்: தவணை தவறிய நாட்களின்படி வகுத்த கடன் பட்டியல் ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் வாசிக்கப்பட்டதா? அதன் பிரதியொன்று மாவட்ட அலுவலகத்தில் உள்ளதா?