ஒரே குடும்பங்கள், இரண்டு கணக்கு: வறுமை விகிதம் மாறியது எப்படி?

2016ஆம் ஆண்டில் மலேசியாவில் எத்தனை விழுக்காட்டுக் குடும்பங்கள் வறுமையில் இருந்தன? அதிகாரப்பூர்வப் புள்ளிவிவரத்திலேயே இதற்கு இரண்டு விடைகள் உள்ளன. ஒன்று 0.4 விழுக்காடு, மற்றொன்று 7.6 விழுக்காடு. குடும்பங்கள் அவையேதான். அவற்றின் வருமானமும் மாறவில்லை. மாறியது கணக்கிடும் முறை மட்டுமே.

பழைய முறையில் 2016ஆம் ஆண்டின் வறுமைக் கோட்டு வருமானம் நாட்டுச் சராசரியாக மாதம் 980 ரிங்கிட். ஒரு குடும்பம் அதற்கும் குறைவாகச் சம்பாதித்தால்தான் ஏழைக் குடும்பம். 2019 ஆகஸ்டு மாதம் இங்கு வந்த ஐ.நா. சிறப்பு அதிகாரி பிலிப் ஆல்ஸ்டன், இந்த விகிதம் நம்பும்படியாக இல்லை என்றார். அரசாங்கம் அப்போது தன் கணக்கைத் தற்காத்தது. ஆனால், 2020 ஜூலையில் புதிய முறை அறிவிக்கப்பட்டது. சத்தான உணவுக்கு ஆகும் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டபோது கோடு 2,208 ரிங்கிட்டுக்கு உயர்ந்தது. அதன்படி 2019இல் வறுமை விகிதம் 5.6 விழுக்காடு, அதாவது 405,441 குடும்பங்கள்.

அளவுகோலைத் தேர்ந்தெடுப்பவர் முடிவையும் ஓரளவு தேர்ந்தெடுத்துவிடுகிறார். இது அரசாங்கக் கணக்குக்கு மட்டும் உரியதல்ல. காற்பந்து நடுவர்கள் கறுப்பு நிற ஆட்டக்காரர்களுக்கு அதிகமாகச் சிவப்பு அட்டை காட்டுகிறார்களா என்ற கேள்வி 29 ஆய்வுக் குழுக்களிடம் கொடுக்கப்பட்டது. இங்கிலாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் லீக்குகளில் ஆடிய 2,053 பேரின் ஒரே தரவுதான் எல்லாருக்கும். 2018இல் வெளியான முடிவின்படி, 20 குழுக்கள் ‘ஆம், தொடர்பு உண்டு’ என்றன. ஒன்பது குழுக்களால் அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

யாரும் ஏமாற்றவில்லை. தற்காப்பு ஆட்டக்காரரையும் தாக்குதல் ஆட்டக்காரரையும் ஒன்றாக வைத்து எண்ணுவதா, எந்த லீக் என்பதைக் கணக்கில் சேர்ப்பதா என்பன போன்றவற்றில் ஒவ்வொரு குழுவும் தனக்குச் சரியென்று பட்டதைச் செய்தது. விடைகள் விலகின. அதற்காக ஆய்வே பொய் என்று தள்ளவும் முடியாது. பெரும்பாலான குழுக்கள் ஒரே பக்கம்தான் சாய்ந்தன. ஒரே ஒரு குழுவின் முடிவு மட்டும் செய்தியாக வந்திருந்தால், படிப்பவருக்கு இந்த வேறுபாடு தெரிந்தே இருக்காது.

இந்தியச் சமூகத்தைப் பற்றிய எண்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. 2019இல் இந்தியக் குடும்பங்களின் சராசரி மாத வருமானம் 8,216 ரிங்கிட். இடைநிலை வருமானமோ 5,981 ரிங்கிட். பாதிக் குடும்பங்கள் அதற்கும் கீழே. இரண்டு எண்களும் சரியானவையே. ஆனால், வசதியுள்ள சிலரின் வருமானம் சராசரியை மேலே இழுத்துவிடும். ‘இந்தியர்கள் நன்றாகவே இருக்கிறார்கள்’ என்று மேடையில் பேச விரும்புபவருக்கு முதல் எண் வசதி. தோட்டத்தை விட்டு வெளியேறி மலிவு வீட்டில் வாடகை கட்டும் குடும்பத்தின் நிலைக்கு நெருங்கி வருவது இரண்டாவது எண்தான்.

பி40 பிரிவும் அப்படியே. 2019இல் அதன் வரம்பு 4,850 ரிங்கிட். இது முழுக் குடும்பத்தின் வருமானம். வீட்டில் இருப்பது இரண்டு பேரா, ஏழு பேரா என்பதை அந்தக் கோடு கேட்பதில்லை. 4,900 ரிங்கிட்டில் ஏழு பேர் சாப்பிடும் வீடு நடுத்தர வர்க்கமாகிவிடுகிறது.

உதவித் திட்டங்களுக்கான தகுதி இத்தகைய கோடுகளை வைத்தே பெரும்பாலும் முடிவாகிறது. ஆகவே, அடுத்த முறை ‘வறுமை குறைந்தது’ என்ற செய்தி வந்தால் சமூகத் தலைவர்களும் இயக்கங்களும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: கோடு எங்கே போடப்பட்டது? சொல்லப்படுவது சராசரியா, இடைநிலையா? வேறு முறையில் கணக்கிட்டால் விடை மாறுமா? விடை மாறுமென்றால், அந்த இரண்டாவது எண்ணையும் மக்கள் முன் வைக்கச் சொல்ல வேண்டும்.