ஊசி முனையில் விடுதலையா?

காதுமடலிலே சில ஊசிகளை ஏற்றினால் இருபது ஆண்டுப் புகைப்பழக்கம் இருந்த இடந்தெரியாமல் ஓடிவிடும் என்கின்றனர் சிலர். அக்குபங்சர் என்னும் சீனத்து ஊசி மருத்துவத்தின் பெயரால் உலகின் பல நகரங்களில் இந்த வாக்குறுதி விலைக்கு விற்கப்படுகின்றது. அக்கரைப்பற்று வட்டைகளிலே இரவு முழுதும் காவற்பரணில் பீடியோடு விழித்திருக்கும் விவசாயியும், கந்தோரில் கோப்புக்களுக்கு நடுவே சிகரெட்டைத் தேடும் எழுதுவினைஞரும் இவ்வாக்குறுதியைக் கேட்டு மயங்குவதில் வியப்பில்லை. விட வேண்டும் என்ற ஆசை அவர்களிடம் உண்டு. அந்த ஆசையை ஏமாற்றத்துக்கு இரையாக்கலாமா என்பதே நமது கேள்வி.

ஊசி மருத்துவத்தை ஏளனஞ் செய்வது நமது நோக்கமன்று. இலங்கைக்கு அது புதியதுமன்று. களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்கு வைத்தியசாலையில் வைத்தியர் அன்ரன் ஜயசூரிய பல்லாண்டு காலம் அதனை நடத்தினார். வெளிநாட்டு மருத்துவர்களும் அவரிடம் வந்து பயின்றனர். போதைப் பழக்கத்துக்கும் ஊசிக்கும் ஏற்பட்ட தொடர்புக்கும் ஒரு வரலாறு உண்டு. 1972இல் ஹொங்கொங்கில் வென் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், ஊசியோடு மின்சாரமும் செலுத்தப்பெற்ற நோயாளி ஒருவரின் அபின் வேட்கை தணிந்ததைக் கண்டார். அதன் வழியே நியூயோர்க்கின் லிங்கன் வைத்தியசாலையில், காதின் ஐந்து இடங்களில் ஊசி ஏற்றும் முறை 1970களில் உருவாயிற்று. அங்கிருந்துதான் அது சிகரெட்டுக்கும் தாவியது.

ஆனால் ஒருவருக்குத் தணிந்தது என்பது வேறு. ஊருக்கெல்லாம் தணியும் என்பது வேறு. உண்மையை அறிய ஒரு வழி உண்டு. ஒரு சாராருக்கு நூலிற் சொன்ன இடத்திலும், மற்றொரு சாராருக்கு வேறிடத்திலோ பொய்யாகவோ ஊசி ஏற்றி, ஆறு மாதங்களின் பின் யார் புகைக்காமல் இருக்கின்றனர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இவ்வகை ஆய்வுகள் உள்ளிட்ட 38 ஆய்வுகளைக் கொக்ரேன் அமைப்பினர் 2014இல் சீர்தூக்கிப் பார்த்தனர். முதற் சில வாரங்களில் உண்மை ஊசிக்குச் சிறிது பலன் இருக்கக்கூடும். ஆறு மாதமும் அதற்கு மேலும் சென்றபின் நிலைத்த பலன் உண்டென்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டலும் இத்தகைய மாற்று முறைகளைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே கூறிற்று.

"ஊசியால் தீங்கில்லையே, போனால் போகட்டுமே" என்பாரும் உளர். தூய ஊசியைக் கற்றவர் ஏற்றினால் உடலுக்குத் தீங்கு குறைவுதான். ஆனால் மனத்துக்கு? கைப்பணத்தைக் கொடுத்து, இன்றோடு ஒழிந்தது என்று நம்பி வீடு திரும்பியவர் மூன்றாம் வாரம் மீண்டும் பற்றவைக்கும்போது, ஊசி தோற்றது என்று யாரும் சொல்வதில்லை. "உமக்கு மனவுறுதி போதாது" என்றே சொல்கின்றனர். அவரும் அதை நம்பிவிடுகின்றார். பணம் போனதோடு தன்மேல் வைத்திருந்த நம்பிக்கையும் போகின்றது. அடுத்த முயற்சிக்கு அவர் துணிவதற்குள் எத்தனை ஆண்டுகள் கழியுமோ! இதனைத்தான் நாம் கொடுமை என்கின்றோம்.

மனவுறுதி நமது மக்களிடம் இல்லையா? நோன்பு மாதத்தைப் பாருங்கள்! நாளொன்றுக்கு ஒரு பெட்டி சிகரெட்டை ஊதித்தள்ளும் மனிதர், விடியலுக்கு முன் தொடங்கிப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் அதனைத் தொடுவதில்லை. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் பலரும் விரத நாட்களிற் புகையை ஒதுக்கிவைக்கின்றனர். எந்த ஊசியும் செய்யாத காரியம் இது! இதனைச் செய்விப்பது யாது? ஊரே சேர்ந்து நிற்கும் துணை. இன்ன நேரம் வரை என்ற தெளிவு. கண்ணியம் என்ற உணர்வு. நோன்பு திறந்ததும் கை மீண்டும் பெட்டியைத் தேடுவதேன்? நிக்கோட்டின் என்னும் நஞ்சு மூளையைப் பழக்கிவைத்திருக்கின்றது. அதனை விட்ட முதற் சில நாட்களில் எரிச்சலும் தூக்கமின்மையும் உச்சத்தை அடைந்து, பின்னர் சில வாரங்களிற் படிப்படியாகத் தணியும். அந்த வாரங்களைத் தனியே கடப்பது அரிது. எவ்வுதவியுமின்றி விட முயலும் நூறு பேரில் ஓராண்டு தாக்குப்பிடிப்போர் மூவர் முதல் ஐவர் வரையே.

ஆகவே புகைப்பவர் கோழையுமல்லர், பாவியுமல்லர்; சிகிச்சைக்கு உரிமையுடைய நோயாளி. சோதித்தறிந்த சிகிச்சையும் இருக்கின்றது. நிக்கோட்டினைச் சிறு அளவிற் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்கும் மெல்லும் வில்லையும் ஒட்டும் பட்டையும் வெற்றி வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகின்றன. வரெனிக்கிளின் முதலிய மாத்திரைகளும் உண்டு. இவை உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றவை. மருந்தோடு அறிவுரையும் சேர்ந்தால் பலன் மேலும் பெருகும்.

அப்படியிருக்க, பாமரன் ஊசியைத் தேடி ஏன் ஓடவேண்டும்? நாட்டின் சிகரெட் உற்பத்தியைத் தன் கையில் வைத்திருக்கும் இலங்கைப் புகையிலைக் கம்பனியின் பங்குகளில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை ஓர் அந்நிய நிறுவனத்துக்குரியவை. இலாபம் கடல் கடக்கின்றது. வரி திறைசேரிக்குப் போகின்றது. நோய் மட்டும் நமது வீட்டிலே தங்குகின்றது! 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்தது. இருபத்தொரு வயது நிரம்பாதவர்க்கு விற்பதையும் தடுத்தது. நல்ல சட்டம், வரவேற்கின்றோம். ஆனால் ஏற்கனவே அகப்பட்டுக்கொண்டவரை மீட்கச் சட்டம் மட்டும் போதாது.

நாம் கேட்பது இதுதான். பொத்துவில் முதல் கல்முனை வரை இக்கரையோரத்து வைத்தியசாலை ஒவ்வொன்றிலும் புகை விடுவோர்க்குக் கிழமை தோறும் ஒரு சிகிச்சை வேளை வேண்டும். மருந்து இலவசமாகக் கிடைக்க வேண்டும். தமிழ் பேசும் மக்களுக்கு அறிவுரை தமிழிலேயே வழங்கப்பட வேண்டும். 1987 முதல் அரசகரும மொழியாயிருக்கும் தமிழில் இதைக் கேட்பது சலுகையன்று, உரிமை. 1948 என்ற இலக்கத்தில் இயங்கும் புகை விடுவோர்க்கான தொலைபேசிச் சேவையை ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் தன் உறுப்பினர்க்கு அறிவிக்கட்டும். சிகரெட் வரியில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்குவதற்கு நமது பிரதிநிதிகள் பாராளுமன்றத்திற் குரல் எழுப்பட்டும். ஊசி மருத்துவர்களும் பணம் வாங்குமுன், ஆய்வுகள் கண்ட உண்மையை மறைக்காது சொல்லட்டும்.

பள்ளிவாசலுக்கும் கோவிலுக்கும் ஒரு வேண்டுகோள்: நோன்பு முடிந்த மறுநாளும் விரதம் முடிந்த மறுநாளும் அந்த மனிதனைத் தனியே விட்டுவிடாதீர்கள். பகல் முழுதும் வென்றவன் இரவையும் வெல்வான். அவனுக்கு வேண்டியது மந்திர ஊசியன்று; மருந்தும், உண்மையும், தோளோடு தோள் நிற்கும் ஊருமே!