பிள்ளைகள் கையில் மலர்வளையம் மட்டும் போதுமா?

ஜோகூர் மாநிலத்தின் ஓர் ஊரில், சயாம் மரண ரயில் பாதையில் மாண்ட நம்மவர்க்கு அஞ்சலி செலுத்தும் வைபவம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். பள்ளிப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையுடன் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தனர். காலை எட்டு மணிக்கு நின்றவர்கள் பத்தரை மணி வரை நின்றனர். பந்தல் பிரமுகர்களுக்கு, வெயில் பிள்ளைகளுக்கு. பேச வந்தவர்கள் ஒருவரையொருவர் பாராட்டி முடிப்பதற்குள் ஒரு சிறுமி மயங்கி விழுந்தாள். மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு நின்ற பையனிடம், "தம்பி, இது யாருக்கு?" என்று கேட்டோம்.

"தெரியாதுங்க ஐயா. வாத்தியார் பிடிக்கச் சொன்னார்" என்றான்.

பையன் மீது குற்றமில்லை. அவனிடம் யாரும் சொல்லவில்லை. அவன் பாட்டனுக்குப் பாட்டன் அந்தப் பாதையில் கல் சுமந்திருக்கக்கூடும். அவன் கையிலிருந்த பூ தன் சொந்தக் குடும்பத்துக்கே உரிய பூவாக இருக்கக்கூடும். அது தெரியாமலே அவன் வீடு திரும்பினான்.

இத்தகைய வைபவங்களுக்குப் பிள்ளைகளை அழைப்பதே தவறு என்று சிலர் கூறுகின்றனர். நாம் அப்படிக் கூறமாட்டோம். அழைக்கத்தான் வேண்டும். ஆனால், அலங்காரத்துக்கு அழைக்கக்கூடாது. வேலைக்கு அழைக்க வேண்டும். என்ன வேலை? பெயர் சேகரிக்கும் வேலை.

ஏன் இதைச் சொல்கிறோம்? தாய்லாந்தின் பான்போங் பக்கமிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942ல் தொடங்கி, 1943 அக்டோபர் 17ல் இரு பக்கத்துத் தண்டவாளங்களும் சேர்ந்தன. அதில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். மாண்டவர் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளரோ அவர்களைப் போல் மூன்று மடங்கு என்பர் சிலர், நான்கு மடங்கு என்பர் சிலர். மாண்டோர் தொகையும் அப்படியே. 90,000 என்பது பலர் சொல்லும் கணக்கு. மலாயாவிலிருந்து போனவர்கள் 75,000க்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டப்புறத் தமிழர்.

காஞ்சனபுரிக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஊர் நடுவே போர்க்கைதிகளின் மயானம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள். பெயர், படைப்பிரிவு, மறைந்த தேதி எல்லாம் பொறித்து, புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பராமரிக்கிறார்கள். நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. நம்மவர் எங்கே? 1990ல் அவ்வூரில் மண்ணைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே குழியில் கிடைத்தனவே, அங்கே! ஒரு பெயருமில்லை. அண்மையில் அங்குள்ள பௌத்தக் கோவிலில் நம்மவர் நினைவாக ஒரு நடுகல் எழுந்திருப்பது ஆறுதலே. ஆயினும், இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே ஊரில் 1944லேயே ஜப்பானிய இராணுவம் ஒரு நினைவுச் சின்னம் கட்டி, மற்ற மொழிகளோடு தமிழிலும் எழுத்துப் பொறித்து வைத்தது. வேலை வாங்கியவனே தமிழில் எழுதி வைத்துவிட்டான். நாம் எழுதி வைத்தது என்ன?

பட்டியல் இல்லாமலா போயிற்று? இருந்தது. அதைச் சொல்லும்போது நம் தொழிலையே சொல்ல வேண்டியிருக்கிறது. இன்ன தோட்டம் இத்தனை ஆளை அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, பெயர் எழுதியது கிராணியின் கை. ஆளைக் கூட்டி வந்தது கங்காணியின் குரல். மூன்று மாத வேலை, கை நிறையச் சம்பளம், அரிசி உண்டு என்றார்கள். மரவள்ளிக்கிழங்கு தின்று கிடந்தவர்களுக்கு அரிசி என்ற சொல்லே போதுமானதாயிருந்தது. அதற்கும் மசியாத இடங்களில் லாரியைக் கொண்டுவந்து பிடித்துப் போட்டார்கள். மறுத்த கிராணியின் கதி என்னவாயிருக்கும் என்பதும் நமக்குத் தெரியும். கூடவே அனுப்பப்பட்டு மாண்ட கிராணிமாரும் டிரஸ்ஸர்மாரும் உண்டு. ஆனாலும், கேட்க நாதியற்றவன் பெயரும் கங்காணியோடு சண்டை போட்டவன் பெயருமே முதலில் எழுதப்பட்டன என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இதைப் பிள்ளைகளிடம் மறைக்கலாகாது. ஜப்பான்காரன் மட்டுமே கெட்டவன், நாமெல்லாம் உத்தமர் என்று கற்பித்தால் அது சரித்திரமல்ல, சினிமா.

அந்தச் செக்ரோல்கள் இன்று இல்லை. கரையான் தின்றது பாதி, ஆபீஸ் மாறியபோது எரித்தது பாதி. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, மக்கள் தாமான்களுக்குப் போய்விட்டனர். மிஞ்சியிருப்பது வீட்டுப் பேச்சு ஒன்றே. 1943ல் பத்து வயதாயிருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியவர். "எங்கப்பா சயாமுக்குப் போனவர் திரும்பலை" என்று வாய் திறந்து சொல்லக்கூடியவர்கள் இன்னும் எத்தனை ஆண்டுகள் இருப்பார்கள்? நாமும் நீங்களும் போய்க் கேட்டால், "அதெல்லாம் எதுக்குப்பா இப்போ" என்பார்கள். பேரப்பிள்ளை மடியில் உட்கார்ந்து கேட்டால் சொல்வார்கள். அதனால்தான் இது பிள்ளைகளால் ஆகக்கூடிய வேலை என்கிறோம்.

ஜோகூர்த் தமிழ்ப்பள்ளிகளில் நான்காம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுக்கட்டும். சயாமுக்குப் போனவர் பெயர், தோட்டத்தின் பெயர், வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்ற மூன்று கேள்வி போதும். எப்படி மாண்டார் என்று கேட்க வேண்டாம். சொல்பவர் தாமாகச் சொன்னால் எழுதிக்கொள்ளட்டும். காலராவையும் பிணக்குழியையும் சின்னஞ்சிறு பிள்ளைகள் தலையில் ஏற்றுவது நம் நோக்கமல்ல. சில இடங்களில் பிள்ளைகளுக்குச் சிவப்புச் சாயம் பூசி, அடிபட்டுச் சாவது போல் நடிக்க வைக்கிறார்களாம். அதை அடியோடு நிறுத்த வேண்டும். வைபவத்தன்று பிள்ளைகள் நிழலில் உட்காரட்டும். பிரமுகர் பேச்சு ஒன்று போதும். மீதி நேரத்தில் பிள்ளைகள் எழுந்து, தாங்கள் எழுதி வந்த பெயர்களை வாசிக்கட்டும்.

"இது பகையை வளர்க்காதா?" என்று ஓர் ஆசிரியர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்விதான், ஜப்பானியத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தகப்பனின் பிள்ளையும் அந்த வகுப்பில் இருப்பான். ஹிரோஷிமாவில் ஆண்டுதோறும் ஆகஸ்டு 6ந் தேதி, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் இருவர் மேடையேறிச் சமாதான உறுதிமொழி வாசிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் என்ன பகை? ஆஸ்திரேலியாவில் ஏப்ரல் 25ந் தேதி, தாத்தாவின் பதக்கத்தை வலது மார்பில் குத்திக்கொண்டு பேரன் அணிவகுப்பில் நடக்கிறான். நம் பிள்ளைக்குக் குத்திக்கொள்ளப் பதக்கமில்லை. வாசிக்கப் பெயராவது இருக்கட்டும். அந்தப் பாதையில் மலாய்க்காரரும் ஜாவாக்காரரும் பர்மியரும் சீனரும் மாண்டனர். நம் மாநிலத்திலேயே பாரிட் சூலோங்கில், 1942 ஜனவரி 22ல், காயம்பட்டுக் கிடந்த ஆஸ்திரேலியக் கைதிகளோடு இந்தியச் சிப்பாய்களும் கொல்லப்பட்டனர். அண்டை வீட்டுச் சீனக் கிழவரிடம் ஒரு பெயர் கிடைத்தால் அதையும் பிள்ளை எழுதி வரட்டும்.

எந்தத் தேதியில் நடத்துவது என்று இரண்டு கோஷ்டிகள் ஏற்கனவே சண்டையைத் தொடங்கிவிட்டன. தேதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நோட்டுப் புத்தகத்தை இந்த மாதமே வாங்குங்கள்.

கிளைச் செயலாளர்கள் தத்தம் வட்டாரத்துத் தலைமையாசிரியர்களைச் சென்று காண வேண்டுகிறோம். பிள்ளைகள் எழுதியதை ஒரு பிரதி எடுத்து நமக்கு அனுப்பினால், வாரந்தோறும் ஒரு பத்தி ஒதுக்கி, தோட்டவாரியாக வெளியிடுவோம். முழுப்பெயர் தெரியாவிட்டால் தெரிந்தவரை எழுதுங்கள். "ஐந்தாம் லயத்து முத்துவின் அண்ணன்" என்றிருந்தாலும் அப்படியே அச்சேற்றுவோம்.