சருகைக் கொஞ்சம் விட்டு வையுங்கள்!

'சுத்தம் சோறு போடும்' என்று நம் பள்ளிச் சுவரில் எழுதியிருக்கிறது. அந்தச் சுவரின் அருகில் நின்றுகொண்டே நான் சொல்கிறேன்: தோட்டத்தை இவ்வளவு சுத்தமாகக் கூட்டக் கூடாது! சிஸ்டர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். முழுவதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளலாம்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒரு நாள் காலை, சாமல்பட்டியில் எங்கள் மாந்தோப்புக் கிணற்றடியில் ஒரு பறவை களைத்துப்போய் உட்கார்ந்திருந்தது. மைனாவைவிடச் சிறியது. வால் இருக்கிறதா என்று தேட வேண்டும். முதுகு பச்சை, மார்பு வெளிர்மஞ்சள், கண்ணை மூடினாற்போல் கறுப்புப் பட்டை, இறக்கையில் பளிச்சென்ற நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. ஓவிய வகுப்பில் நான் இப்படி வண்ணம் தீட்டியிருந்தால், "இத்தனை நிறமா?" என்று டீச்சர் கேட்டிருப்பார்.

பாட்டி பார்த்ததுமே, "ஆறுமணிக் குருவிடி அது!" என்றார். காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரத்தில் சீழ்க்கை அடிப்பதால் அந்தப் பெயராம். மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, இரவு இரவாகப் பறந்து தெற்கே வருகிறது. பங்குனி, சித்திரை வாக்கில் திரும்பிவிடும்.

பதினொரு நாட்கள் அதைக் கவனித்தேன். மரக்கிளையைவிடத் தரையில்தான் அதற்கு வேலை அதிகம். மாஞ்சருகை அலகால் புரட்டித் தள்ளும். அடியில் இருக்கும் வண்டு, கறையான், மண்புழு ஆகியவற்றைக் கொத்தும். தத்தித் தத்தி அடுத்த சருகுக்குப் போகும்.

பன்னிரண்டாம் நாள் தீபாவளிக்காகத் தோப்பைச் சுத்தம் செய்தோம். சருகு முழுவதையும் கூட்டிக் குவித்துக் கொளுத்தினோம். துடைப்பம் பிடித்தவர்களில் நானும் ஒருத்தி. அன்று மாலை ஆறு மணிக்குச் சீழ்க்கை கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. புகைக்குப் பயந்ததோ, பட்டாசுக்குப் பயந்ததோ! ஆனால் பயம் தெளிந்து வந்திருந்தாலும் அது எதைப் புரட்டியிருக்கும்?

குளிர்காலத்தில் வேறு விருந்தாளிகளும் வருகின்றன. மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக உட்காருகின்றன; வேலியில் பழுப்புக் கீச்சான் காவல் இருக்கிறது. இவற்றுக்குச் சருகு வேண்டாம். ஆனால் கிழக்காசியாவிலிருந்து வரும் கொடிக்கால் வாலாட்டியும் மர நிழலில் சருகின்மேல் நடந்துதான் இரை தேடுகிறது. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும்!

ஏரிப் பறவைகளுக்கு வேடந்தாங்கல் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி 1977-லேயே சரணாலயமாயிற்று. அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அப்படி ஓர் ஊரே பண்டிகையை விட்டுக்கொடுக்கும்போது, நாம் ஒரு மூலையை விட்டுக்கொடுக்க மாட்டோமா? வீட்டுத் தோட்டத்தை நம்பி வரும் பறவைக்கு யார் சரணாலயம் கட்டுவார்கள்?

"பாம்பு வரும், தேள் வரும்" என்கிறார் அம்மா. நியாயமான பயம்தான். ஆகவே வீட்டைச் சுற்றியும், நாம் நடக்கும் வழியிலும், சிறு பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் நன்றாகக் கூட்டுவோம். டெங்கு வரும் என்றாள் என் தோழி. அந்தக் கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில். தேங்காய்ச் சிரட்டையையும் பிளாஸ்டிக் டம்ளரையும் பொறுக்கி எடுங்கள்; நானும் வருகிறேன். மிட்டாய்த் தாளும் சருகும் ஒன்றல்ல. சருகு மக்கி எருவாகிறது, மண்ணின் ஈரத்தைக் காக்கிறது. நம் வறண்ட ஊரில் எருவைக் கொளுத்திவிட்டு, பிறகு வண்டி வண்டியாக எரு வாங்குகிறோமே, இது என்ன கணக்கு?

நான் கேட்பது அதிகமில்லை. பள்ளிச் சமையலறைக்குப் பின்னால், மதில் ஓரம் நிற்கும் புங்கமரங்களின் அடியை மட்டும் புரட்டாசி முதல் பங்குனி வரை கூட்டாமல் விட வேண்டும். எல்லை தெரியக் கல் வைத்துவிடலாம். வெள்ளிக்கிழமைத் தோட்ட வேலையில் எங்கள் வகுப்புக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். (இதற்காக நான் கேட்கவில்லை!)

எங்கள் தோப்பில் கடைசி இரண்டு வரிசை மரங்களின் அடியைக் கூட்ட வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். இதை எழுதும்போது புரட்டாசி கடைசி வாரம். பாட்டி தினமும் மாலையில் காபி டம்ளரோடு திண்ணையில் வந்து உட்காருகிறார். ஆறு மணி ஆனதும், "இன்னும் வரலியே" என்கிறார்.

— பத்தாம் வகுப்பு மாணவி