வீட்டுக்காரர் யார், வாடகைக்காரர் யார்?

‘சஃபாரி’ என்ற சொல்லைக் கேட்டால் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பைகள் வைத்துத் தைத்த அரைக்கை உடுப்பாகத்தான் இருக்கும். உண்மையில் அது சுவாஹிலி மொழியில் ‘பயணம்’ என்று மட்டுமே பொருள்படும் எளிய சொல். அரபியின் ‘சஃபர்’ என்பதிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்கு வந்தது. வணிகன் போனாலும், சுமைகூலி போனாலும், மணமான மகளைப் பார்க்கத் தாய் போனாலும் அது சஃபாரிதான். ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் கைக்கு வந்தபோது அச்சொல் துப்பாக்கி ஏந்தியது. வேட்டை ஓய்ந்தபின் ஒளிப்படக் கருவியை ஏந்தியது. இன்று அதற்கு முன்னால் ‘சொகுசு’ என்ற அடைமொழியும் சேர்ந்துவிட்டது. சொல்லுக்கு நேர்ந்த இந்த மாற்றம் நிலத்துக்கும் நேர்ந்திருக்கிறது. அதைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

சொகுசு சஃபாரியை உலகறியச் செய்த பெரும்புள்ளிகளில் முதன்மையானவர் வர்ஜின் குழுமத்தின் ரிச்சர்ட் பிரான்சன். இசைத்தட்டு வணிகத்தில் தொடங்கி, 1984இல் விமான நிறுவனம் நடத்த வந்தவர். தென்னாப்பிரிக்காவில் குரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய சாபி சாண்ட் பகுதியில் உலுசாபா என்ற தனியார் வனவிலங்குக் காப்பகத்தை 1999இல் வாங்கினார். கென்யாவில் மாசாய் மாராவை ஒட்டி ‘மஹாலி ம்ஸூரி’ என்ற கூடார விடுதியை 2013இல் பன்னிரண்டு கூடாரங்களோடு திறந்தார். அப்பெயருக்கு ‘அழகிய இடம்’ என்று பொருள். அங்கே ஓர் இரவு தங்க, பருவ காலத்தில் ஆளுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். 2021இல் ‘டிராவல் அண்ட் லெஷர்’ இதழின் வாசகர்கள் உலகின் தலைசிறந்த விடுதியாக இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இத்தகைய விடுதிகளைப் பற்றி வரும் பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. செல்வந்தர் ஒருவர் ஆப்பிரிக்காவைக் கண்டு காதல் கொண்டார், நிலத்தைக் காத்தார், விலங்குகளைக் காத்தார், உள்ளூர் மக்களுக்கு வேலை கொடுத்தார். எல்லா வினைகளுக்கும் எழுவாய் அவரே. விலங்குகளும் மக்களும் செயப்படுபொருளாக வரிசையில் நிற்கிறார்கள். இலக்கணம் கற்பிக்கிறவன் என்பதால் இது என் கண்ணில் உடனே பட்டது போலும். என் மறுப்பெல்லாம் இந்த வாக்கிய அமைப்பின் மீதுதான். பிரான்சன் நல்லவரா கெட்டவரா என்பது இரண்டாம்பட்சம்.

மஹாலி ம்ஸூரி நிற்கும் நிலம் யாருடையது? மாசாய் மக்களுடையது. ஒலாரே மோட்டோரோகி என்ற காப்பு நிலத்தின் ஒரு பகுதி அது. 30,000 ஏக்கருக்கு மேற்பட்ட அந்நிலப்பரப்பு சில நூறு மாசாய் நில உரிமையாளர்களின் பட்டா நிலங்கள் ஒன்றுசேர்ந்து உருவானது. விடுதி நடத்துகிறவர்கள் அவர்களிடமிருந்து குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். அதாவது உரிமையாளர் மாசாய்; குத்தகைதாரர் பிரான்சன் போன்றவர்கள். சாபி சாண்டில் கதை வேறு, அங்கே நிலம் விலைக்கு வாங்கப்பட்டது. மாராவில் அப்படி இல்லை. ஆனால் விளம்பர ஏடுகளைப் படிக்கிறவருக்கு வாடகைக்காரர் வீட்டுக்காரராகவும், வீட்டுக்காரர் வாசலில் நின்று வணக்கம் சொல்லும் பணியாளராகவும் தோன்றுகிறார்.

இந்தக் குத்தகை முறை வந்த வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1904இல் ஆங்கிலேயர் மாசாய்களோடு ஓர் ஒப்பந்தம் செய்து அவர்களை இரண்டு ஒதுக்கிடங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். வடக்கே லைக்கிப்பியா பீடபூமி, மாசாய் இனம் இருக்கும் வரை அவர்களுடையது என்று உறுதி தந்தார்கள். ஏழே ஆண்டுகளில், 1911இல், இன்னொரு ஒப்பந்தம். லைக்கிப்பியா வெள்ளையர் குடியேற்றத்துக்குத் தேவைப்பட்டது. அங்கிருந்தவர்கள் மாடு கன்றுகளோடு தெற்கே விரட்டப்பட்டார்கள். 1913இல் மாசாய்கள் நீதிமன்றம் ஏறினார்கள். இது வேற்றுநாட்டோடு செய்த உடன்படிக்கை போன்றது, எங்கள் அதிகார வரம்புக்குள் வராது என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டது ஆங்கிலேய நீதிமன்றம். நிலத்தை எடுக்கும்போது அவர்கள் குடிமக்கள். நியாயம் கேட்கும்போது வேற்று நாட்டவர்.

விடுதலைக்குப் பின் 1968இல் கொண்டுவரப்பட்ட சட்டத்தின்படி மாசாய் நிலங்கள் கூட்டு மேய்ச்சல் பண்ணைகளாகப் பதிவாயின. பின்னர் அவையும் தனித்தனிப் பட்டாக்களாகப் பிரிக்கப்பட்டன. பட்டா பிரிந்தால் வேலி வரும், வேலி வந்தால் வலசை நிற்கும். செரெங்கெட்டியிலிருந்து ஆண்டுதோறும் மாராவுக்கு வரும் வில்டபீஸ்ட் மந்தைகள் பத்து இலட்சத்துக்கு மேல். அவற்றுக்குப் பட்டா எண் தெரியாது. 1977 முதல் 2016 வரையான கணக்கெடுப்புகளின்படி கென்யாவின் மேய்ச்சல் நிலங்களில் வனவிலங்குகள் சராசரியாக 68 விழுக்காடு குறைந்துவிட்டன. வேட்டைக்கு 1977இலேயே தடை விதித்த நாடு அது. துப்பாக்கியை நிறுத்தியும் விலங்கு குறைந்ததற்குக் காரணங்களில் ஒன்று, விலங்கு வாழ இடம் விட்டவனுக்கு அதனால் பத்துக் காசு கிடைக்காமல் போனது.

இந்தச் சிக்கலுக்கு விடையாகத்தான் காப்பு நிலங்கள் தோன்றின. 2006இல் ஒலாரே ஓரோக் பகுதியில் நில உரிமையாளர்கள் தங்கள் பட்டா நிலங்களை ஒன்றாக வைத்து, வேலி போடாமல், வேளாண்மைக்கும் விடாமல், விடுதி நடத்துவோருக்குக் குத்தகைக்கு விட்டார்கள். ஏக்கர் கணக்கில் குத்தகைத் தொகை, விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும், உரிமையாளரின் வங்கிக் கணக்குக்குப் போகும். கூடாரங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு. ஏறத்தாழ எழுநூறு ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்பது கணக்கு. 2013ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் இத்தகைய காப்பு நிலங்களுக்குச் சட்டப்படியான அங்கீகாரம் அளித்தது. மஹாலி ம்ஸூரி திறக்கப்படுவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே தொடங்கிய ஏற்பாடு இது என்பதைக் கவனிக்க வேண்டும். ‘காத்தார்’ என்ற வினைக்கு எழுவாய் வேண்டுமானால், அது தன் மேய்ச்சல் நிலத்தைச் சிங்கத்துக்கு விட்டுக்கொடுத்த மாட்டுக்காரர்தான்.

பெரும்புள்ளிகளின் புகழ் ஆப்பிரிக்கப் புல்வெளியில் படர்வது புதிதன்று. பதவிக்காலம் முடிந்த கையோடு 1909இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போன அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், தன் மகனோடு சேர்ந்து 512 விலங்குகளைச் சுட்டார். அறிவியல் அருங்காட்சியகத்துக்கு மாதிரி சேகரிக்கிறேன் என்றார். அவர் எழுதிய நூல் மறு ஆண்டே வந்தது. அவர் அங்கே வேட்டையாடிய காலம், மாசாய்களின் இரண்டு வெளியேற்றங்களுக்கும் இடைப்பட்ட காலம். 1959இல் ஹாலிவுட் நடிகர் வில்லியம் ஹோல்டன் நண்பர்களோடு சேர்ந்து கென்ய மலையடிவாரத்தில் சஃபாரி மன்றம் ஒன்றைத் தொடங்கினார். உலகின் செல்வர்களும் நடிகர்களும் அங்கே கூடினார்கள். வேட்டையாடிய அதிபர், மன்றம் நடத்திய நடிகர், விடுதி நடத்தும் தொழிலதிபர் என்று இந்த வரிசையில் ஒழுக்கம் படிப்படியாக மேம்பட்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று படங்களிலும் நடுவில் நிற்பவர் வந்தவர்தான். இருந்தவர் பின்னணியில்தான்.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் ஓர் உறுத்தல் வந்தே தீரும். நம் திணைக் கோட்பாட்டில் கருப்பொருள் என்று ஒரு வரிசை உண்டு. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் எல்லாம் அதில் ஒன்றாக நிற்கும். விலங்கு இயற்கை, தொழில் செயற்கை என்று நம் முன்னோர் பிரிக்கவில்லை. முல்லை என்றால் காடு மட்டுமில்லை, மாடு மேய்ப்பதும் முல்லைதான். மாசாய் நிலம் எந்த இலக்கணப்படி பார்த்தாலும் முல்லை. அங்கே புல்லைப் புல்லாக வைத்திருந்ததில் மேய்ச்சலுக்கும் பங்குண்டு. சொகுசு சஃபாரி என்ன செய்கிறது? கருப்பொருள் வரிசையிலிருந்து விலங்கை மட்டும் பிரித்தெடுத்து முன்னே வைக்கிறது. தொழிலை ஓரங்கட்டுகிறது. காப்பு நிலம் அமைந்தபோது அதனுள்ளிருந்த குடிசைகள் வெளியே நகர்த்தப்பட்டன. மேய்ச்சல் இன்றும் உண்டு, ஆனால் முறைவைத்து, கட்டுப்பாட்டோடு. மீறினால் தண்டம். தன் நிலத்தில் தன் மாடு மேய்வதற்குத் தானே தண்டம் கட்டும் நிலையை நாம் கற்பனை செய்து பார்க்கலாம். பட்டாக்கள் பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருப்பதால் குத்தகைப் பணமும் அவர்கள் கைக்கே போகிறது. மாட்டையும் பாலையும் நம்பிய பெண்களுக்கு அதில் நேரடி உரிமை குறைவு.

செல்வந்தர்கள் வராவிட்டால் குத்தகை கொடுப்பது யார் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அதற்கு எதிர்ப்புறத்தில் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறோம். எல்லைக்கு அந்தப் பக்கம், தன்சானியாவின் லோலியோண்டோவில், 2022 ஜூனில் 1,500 சதுர கிலோமீட்டர் நிலத்தை அரசு வனவிலங்குப் பகுதியென்று கல் நட்டுப் பிரித்தது. மறுத்த மாசாய்கள் மீது காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. பலர் எல்லை தாண்டிக் கென்யாவுக்கு ஓடினார்கள். அதனோடு ஒப்பிட்டால் மாராவின் குத்தகைச் சீட்டு எவ்வளவோ மேல். பிரான்சன் போன்றவரின் பெயர் இல்லாமல் அத்தனை தொலைவிலிருந்து அத்தனை பணம் கொடுத்து ஆள் வருவது எளிதில்லை. அந்தப் பெயருக்கு விலை உண்டு. அந்த விலையில் ஒரு பங்கு மாசாய் வீட்டுக்குப் போகிறது. விடுதிகளில் மாசாய் இளைஞர்கள் வழிகாட்டிகளாகவும் பணியாளர்களாகவும் சம்பளம் பெறுகிறார்கள். இதையெல்லாம் மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் புகழை நம்பிய பிழைப்பு எவ்வளவு உறுதியானது என்பதை 2020 காட்டிவிட்டது. கொள்ளைநோய் வந்தது, விமானங்கள் நின்றன, கூடாரங்கள் வெறிச்சோடின. விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. கொடுக்கப் பணம்தான் இல்லை. மாராவின் பல காப்பு நிலங்களில் குத்தகைத் தொகை குறைக்கப்பட்டது. வெளியிலிருந்து நன்கொடையும் கடனும் திரட்டித்தான் ஏற்பாடு குலையாமல் காக்கப்பட்டது. நஷ்டத்தில் பங்குகொண்டவர்கள் நில உரிமையாளர்கள். மறு ஆண்டு ‘உலகின் தலைசிறந்த விடுதி’ என்ற பட்டம் வந்தபோது செய்திகளின் தலைப்பில் வந்தது பிரான்சனின் பெயர். நஷ்டத்தில் பங்காளி, புகழில் வேலையாள் என்பது எந்த ஊர் நியாயம்?

அப்படியானால் வேண்டுவது என்ன? சஃபாரியை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இங்கிருந்து அப்படிச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. கணக்கும் மொழியும் திருந்த வேண்டும் என்கிறேன். விருந்தினர் கொடுக்கும் ஆயிரம் டாலரில் நிலத்துக்குப் போவது எவ்வளவு என்பது அறையின் விலைப்பட்டியலிலேயே அச்சாக வேண்டும். ஒரு பிரபலம் தன் பெயரை உண்மையிலேயே நல்லதற்குப் பயன்படுத்த நினைத்தால், தான் கட்டிய பள்ளிக்கூடத்தின் படத்தைக் காட்டிலும் தான் கட்டும் குத்தகையின் ரசீதைக் காட்டட்டும். பள்ளிக்கூடம் கொடை, குத்தகை கடன். கொடையைக் காட்டி மகிழ்கிறவர் உயர்ந்து நிற்கிறார். கடனைக் கட்டுகிறவர் சமமாக நிற்கிறார். அந்தச் சமம்தான் மாசாய்களுக்கு 1904 முதல் மறுக்கப்பட்டு வந்தது.

எழுதுகிறவர்களுக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. பயணக் கட்டுரை தமிழில் இன்று பெருகி வருகிறது. மாராவுக்குப் போய்வந்து எழுதுகிறவர்கள் சிங்கத்தைப் பற்றி எழுதட்டும், ஆற்றைக் கடக்கும் மந்தையைப் பற்றி எழுதட்டும். கூடவே, தாம் தங்கிய கூடாரத்துக்கு அடியிலிருக்கும் மண் யாருடையது என்று வழிகாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டு, அந்த விடையையும் எழுதட்டும். ‘எங்களுடையது’ என்று அவர் சொல்வாரேயானால், அந்தக் கட்டுரையின் எழுவாய் அவராகவே இருக்கட்டும்.